ஐம்பதாவது எழுத்து: தோரா குறியீடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

எபிரேய ஆதியாகமத்தின் முதல் சொல் 'பெரேஷித்'. 'ஆதியிலே' என்று தமிழில் நாம் படிக்கிற சொல். அதன் கடைசி எழுத்து 'தாவ்', நூலின் ஆறாவது எழுத்து. அங்கிருந்து ஐம்பது எழுத்து எண்ணிக்கொண்டு போனால், இரண்டாம் வசனத்தில் 'ஆழம்' என்று பொருள்படும் 'தெஹோம்' என்ற சொல்லுக்குள் இருக்கும் 'வாவ்' மேல் விரல் நிற்கும். இன்னும் ஐம்பது எண்ணினால், வெளிச்சம் நல்லது என்று தேவன் கண்டார் என்கிற இடத்தில் 'கண்டார்' என்ற சொல்லின் 'ரேஷ்'. இன்னும் ஐம்பது போனால் ஐந்தாம் வசனத்தில் 'எலோஹிம்' என்ற சொல்லின் 'ஹே'. தாவ், வாவ், ரேஷ், ஹே. சேர்த்து வாசித்தால் 'தோரா'. ஆதியாகமம் முதல் உபாகமம் வரையிலான ஐந்து நூல்களுக்கு யூதர்கள் சொல்லும் பெயர்.

யாரோ சொன்னார்கள் என்று இதை எழுதவில்லை. பென்சிலால் பத்துப் பத்தாகக் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். இரண்டு முறை தப்பாகப் போய், மூன்றாம் முறை சரியாக வந்தது. யாத்திராகமத்திலும் எண்ணினேன். அங்கே முதல் தாவ் எட்டாவது எழுத்து. அதிலிருந்து ஐம்பது ஐம்பதாகப் போனால் மறுபடியும் 'தோரா'. உடம்பு ஒரு நொடி சிலிர்த்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்தச் சிலிர்ப்பில் தொடங்கியதுதான், தோராவின் எழுத்துகளுக்குள் இப்படிச் செய்திகள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்கிற 'தோரா குறியீடு' வழக்கு. 1994இல் ஒரு மதிப்புள்ள புள்ளியியல் இதழின் பக்கங்களுக்கு ஏறி, உலகமெங்கும் விற்ற ஒரு புத்தகமாகி, பிரதமர் கொலை ஒன்றோடு முடிச்சுப் போடப்பட்டு, கடைசியில் எருசலேமில் ஒரு குழுவின் மேசைக்கு வந்து நின்றது. விசுவாசிகள் ஒரு பக்கம், அறிவியல்காரர்கள் மறுபக்கம் என்றுதான் பெரும்பாலும் இதைச் சொல்வார்கள். ஆவணங்களைப் படித்தால் அப்படி இல்லை. குறியீடு இருக்கிறது என்றவர்களில் உலகத் தரமான கணித மேதை இருந்தார். இல்லை என்றவர்களில் சனிக்கிழமை ஓய்வுநாளைத் தவறாமல் ஆசரிக்கும் யூதர்கள் இருந்தார்கள். அவர்களுக்குள் நடந்த தகராறு கடவுளைப் பற்றியது இல்லை. எண்ணத் தொடங்குவதற்கு முன்னால் எதை எண்ணுவது என்று தீர்மானித்தது யார், எப்போது தீர்மானித்தார் என்பதுதான் தகராறு.

ரபி கண்டது

ஐம்பது எழுத்துத் தாண்டலை நம் காலத்தில் பரப்பியவர் ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ரபி (யூத மதகுரு) மிக்காயேல் டோவ் வைஸ்மாண்டல். குறியீடு அவருடைய வாழ்க்கையில் சிறு பகுதிதான். இரண்டாம் உலகப்போரில், பிராட்டிஸ்லாவாவில் ரகசியமாக இயங்கி, நாடுகடத்தலிலிருந்து யூதர்களைப் பணம் கொடுத்தாவது மீட்கப் போராடிய குழுவில் முக்கியமானவர். 1944இல் அவுஷ்விட்சுக்குப் போன ரயிலிலிருந்து குதித்துத் தப்பினார். மனைவியும் பிள்ளைகளும் தப்பவில்லை. அமெரிக்காவில் 1957இல் இறந்தார். எழுத்துக்கணக்குகள் அவருடைய மாணவர்கள் வெளியிட்ட நூலில் வந்தன. கணினி இல்லை, எல்லாம் கையால் எண்ணியது.

ஒளித்து எழுதுவது எபிரேயருக்குப் புதிதும் இல்லை. எரேமியாவின் புத்தகத்தில் 'சேசாக்' என்று ஒரு ராஜ்யம் வருகிறது. எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர். எபிரேய எழுத்துகளில் முதலாவதைக் கடைசிக்கும், இரண்டாவதைக் கடைசிக்கு முந்தியதற்கும் மாற்றி எழுதும் 'அத்பாஷ்' என்ற முறை ஒன்று உண்டு. அதில் 'பாபேல்' என்று எழுதினால் 'சேசாக்' என்று வரும். பாபிலோனைத்தான் தீர்க்கதரிசி அப்படி எழுதியிருக்கிறார். 119ஆம் சங்கீதம் எட்டு எட்டு வசனமாக அகரவரிசையில் நடக்கிறது. ஆபிரகாமோடு போன வேலைக்காரர் 318 பேர் என்று ஆதியாகமம் சொல்ல, எலியேசர் என்ற பெயரின் எழுத்துகளுக்கு எண் கொடுத்துக் கூட்டினாலும் 318தான் என்று பழைய உரைகாரர்கள் கணக்குப் போட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் பஹ்யா பென் ஆஷேர் என்ற உரைகாரர் 42 எழுத்துத் தாண்டி எண்ணி, நாட்காட்டியைப் பற்றி ஒரு செய்தி எடுத்திருக்கிறார். ஆக, வேதத்தில் மறைபொருள் தேடுவது மரபுக்குள்ளேயே இருக்கிற பழக்கம்.

ஆனால் அத்பாஷுக்கும் ஐம்பது எழுத்துத் தாண்டலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அத்பாஷில் விதி முன்னாலேயே தெரியும். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் அதில் போட்டுப் பார்க்கலாம், விடை ஒன்றுதான். ஐம்பது எழுத்துக்காரருக்கோ விதியும் சேர்ந்தே கிடைக்கிறது.

இதைப் பார்க்க மூன்றாவது புத்தகத்துக்குப் போனால் போதும். லேவியராகமத்தில் 'தோரா' பேச்சே கிடையாது. அதற்குப் பதில், முதல் 'யோத்' எழுத்திலிருந்து எட்டு எட்டாக எண்ணினால் கர்த்தரின் நான்கெழுத்துத் திருநாமம் வருகிறது. எண்ணினேன், வருகிறது. இரண்டு, பத்து, பதினெட்டு, இருபத்தாறாவது எழுத்துகள். எண்ணாகமத்தில் மறுபடியும் ஐம்பதுதான், ஆனால் சொல் தலைகீழாக ஓடுகிறது: ஹே, ரேஷ், வாவ், தாவ். அதுவும் முதல் ஹேயிலிருந்து இல்லை, இரண்டாவதிலிருந்தும் இல்லை. மூன்றாவது ஹே, 'மோஷே' என்ற பெயரின் கடைசி எழுத்திலிருந்து. உபாகமத்தில் தொடக்கமே ஐந்தாம் வசனத்துக்குத் தள்ளிப்போகிறது, இடைவெளி நாற்பத்தொன்பதாகிறது.

விசுவாசத்தோடு பார்ப்பவர்களுக்கு இதிலும் அழகு தெரியும். முதல் இரண்டு நூல்களில் 'தோரா' நேராகவும், கடைசி இரண்டில் தலைகீழாகவும் ஓடி, நடுவில் இருக்கும் திருநாமத்தை நோக்கி வருகிறது என்பார்கள். உபாகமத்தில் எண்ணிக்கை தொடங்கும் ஹே, 'தோராவை' என்ற சொல்லின் முதல் எழுத்தேதான் என்பதும் உண்மை. எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் கணக்குப்பிள்ளையின் கண்ணால் பார்த்தால், ஐந்து புத்தகத்துக்கு நான்கு விதி.

கொஞ்சம் கணக்கு. ஆதியாகமத்தில் 78,064 எழுத்துகள். அதில் வாவ் பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல், ஹே நூற்றுக்கு எட்டு, ரேஷ் ஆறு, தாவ் ஐந்து. நான்கையும் பெருக்கி எழுத்து எண்ணிக்கையோடு வைத்தால், எந்த இடைவெளியை எடுத்தாலும் 'தோரா' என்ற சொல் சராசரியாக இரண்டு முறை தானாகவே விழ வேண்டும். முதல் தாவிலிருந்தே, ஐம்பதில் என்று கட்டிப்போட்டால் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒன்று. அது அபூர்வம்தான். இடைவெளி இரண்டிலிருந்து நூறு வரை எதுவும் ஆகலாம், முன்னாலோ பின்னாலோ ஓடலாம் என்று தளர்த்தினால் பத்தில் ஒன்று என்கிற அளவுக்கு இறங்கிவிடும். தேடும் சொல்லையும், தொடங்கும் இடத்தையும் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்றால் கிடைக்காமல் போவதுதான் ஆச்சரியம். முதல் இரண்டு நூலிலும் அதே ஐம்பது வந்தது மட்டும் எனக்கு இன்னும் ஒரு சின்ன முள்.

ரபிகளின் பட்டியல்

இந்தப் பலவீனம் எலியாஹு ரிப்ஸுக்குத் தெரியாததல்ல. லாட்வியாவில் பிறந்தவர். செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து 1969இல் ரீகா நகரில் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டவர். பிழைத்து, மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, பிறகு இஸ்ரேல் வந்தார். குலக் கோட்பாடு என்ற கணிதத் துறையில் அவர் பெயரைச் சொல்லாமல் பாடம் நடத்த முடியாது. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர். இப்படிப்பட்டவர் 'குறியீடு இருக்கிறது' என்றபோது சிரித்துவிட்டுப் போக யாராலும் முடியவில்லை.

ரிப்ஸ், டோரோன் விட்ஸ்டம், யோவாவ் ரோசன்பெர்க் மூவரும் எழுதிய கட்டுரை 1994 ஆகஸ்டில் 'ஸ்டாட்டிஸ்டிகல் சயன்ஸ்' இதழில் வந்தது. அவர்கள் யோசித்த விதம் புத்திசாலித்தனமானது. ஒரு சொல் கிடைப்பதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, சரி. ஆனால் ஒரு ரபியின் பெயரும் அவர் பிறந்த அல்லது இறந்த தேதியும், இரண்டுமே எழுத்துத் தாண்டலாகக் கிடைத்து, ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழுந்தால்? ஒரு ரபிக்கு இல்லை, ஒரு பட்டியலுக்கே அப்படி விழுந்தால்? அந்த ரபிகள் எல்லாம் தோராவுக்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்தியவர்கள்.

முதல் பட்டியலில் 34 பேர். இதழின் மதிப்பீட்டாளர்கள் புதுப் பட்டியல் கேட்டார்கள். மொர்தெகாய் மார்காலியோத் தொகுத்த, இஸ்ரேலின் பெரியோர் பற்றிய கலைக்களஞ்சியத்தில் யாருக்கு எத்தனை பத்தி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்ற அளவை வைத்து, கொஞ்சம் குறைவான பத்தி பெற்ற 32 பேரை எடுத்தார்கள். பெயர்களையும் தேதிகளையும் கலைத்து, இவர் பெயருக்கு அவர் தேதி என்று 9,99,999 விதமாகக் கோத்து, சரியான ஜோடியோடு சேர்த்துப் பத்து லட்சம் ஆக்கினார்கள். சரியான ஜோடி அந்தப் பத்து லட்சத்தில் நான்காவது இடத்தில் நின்றது. நான்கு அளவைகளைச் சோதித்ததற்குக் கழிவு போட்டபின் தற்செயல் வாய்ப்பு 0.000016. தல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' நாவலின் எபிரேய மொழிபெயர்ப்பில் இதே நீளத் துண்டை எடுத்துச் சோதித்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

இதழாசிரியர் ராபர்ட் காஸ் இதைக் கண்டுபிடிப்பு என்று அச்சிடவில்லை. வாசகர்களுக்கு ஒரு சவாலான புதிர் என்றுதான் முன்குறிப்பு எழுதினார். வெளியே பரவியபோது அந்த முன்குறிப்பு உதிர்ந்துபோய், 'புள்ளியியல் இதழே ஒப்புக்கொண்டது' என்பது மட்டும் மிஞ்சியது. விளம்பரத்துக்கு அது போதுமே. மதப்பற்று விட்டுப்போன யூத இளைஞர்களைத் திரும்ப அழைக்க 'ஐஷ் ஹதோரா' அமைப்பு நடத்திய வகுப்புகளில் குறியீடு ஒரு பாடமாகவே இருந்தது. அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. உளவு அமைப்பில் சங்கேதத் துறையில் வேலை பார்த்த ஹரோல்ட் கான்ஸ் தானே சோதித்துப் பார்த்து, ரபிகளின் பெயரோடு அவர்களுடைய ஊர்களும் நெருங்கி வருகின்றன என்றார். சங்கேதம் உடைப்பதே தொழிலாகக் கொண்டவர் சொன்னதால் எடை கூடியது.

பிரதமரும் திமிங்கிலமும்

அமெரிக்கப் பத்திரிகையாளர் மைக்கேல் ட்ராஸ்னின் இதற்குள் நுழைந்ததும் விவகாரத்தின் முகமே மாறியது. மொத்தத் தோராவின் 3,04,805 எழுத்துகளையும் ஒரு வரிசைக்கு 4,772 என்று 64 வரிசைகளாக அடுக்கினால், ஒரு நெடுவரிசையில் மேலிருந்து கீழாக 'யிட்ஸ்ஹாக் ராபின்' என்ற பெயர் வருகிறது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் வசனத்தில் 'கொலை செய்யும் கொலைகாரன்' என்ற சொற்கள். 1994 செப்டம்பரில் கவிஞர் ஹயீம் கூரி வழியாக இந்த எச்சரிக்கையை ட்ராஸ்னின் இஸ்ரேல் பிரதமர் ராபினுக்கு அனுப்பினார். 1995 நவம்பர் 4 அன்று டெல் அவீவில் ராபின் சுட்டுக் கொல்லப்பட்டார். 1997இல் ட்ராஸ்னினின் 'தி பைபிள் கோட்' வெளியாகி உலகமெங்கும் விற்றுத் தள்ளியது.

அந்தக் குறுக்கு வசனத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். உபாகமம் 4:42. முற்பகை எதுவும் இல்லாமல், தெரியாமல் ஒருவனைக் கொன்றுவிட்டவன் ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்ள மோசே ஒதுக்கிய அடைக்கலப் பட்டணங்களைப் பற்றிய வசனம் அது. கைப்பிசகாகக் கொன்றவனைக் காப்பாற்றும் சட்டம். திட்டம் போட்டு முதுகில் சுட்டவனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? 'அறியாமல்' என்ற சொல் அதே வசனத்தில், இரண்டு சொல் தள்ளித்தான் இருக்கிறது. ட்ராஸ்னின் அதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டார். வேதத்தில் மறைந்திருப்பதைத் தேடுகிறவர் வெளியே தெரியும் சொல்லை வெட்டிவிட்டார் என்பதுதான் இந்த வழக்கிலேயே எனக்கு அதிகம் உறுத்துவது.

ட்ராஸ்னினோடு தனக்கு உடன்பாடு இல்லை என்று 1997இல் முதலில் பகிரங்கமாக அறிக்கை விட்டவர்களில் ஒருவர் ரிப்ஸ். குறியீடு உண்டு, ஆனால் அதை வைத்து வருங்காலம் சொல்ல முடியாது என்பது அவர் நிலை. ஒரே முகாம் என்று வெளியே தெரிந்தது உள்ளே இப்படி இரண்டாகக் கிடந்தது.

விமர்சகர்களுக்கு ட்ராஸ்னின் 'நியூஸ்வீக்' வழியாகச் சவால் விட்டார்: 'மோபி டிக்' என்ற திமிங்கில நாவலில் ஒரு பிரதமரின் கொலையைப் பற்றிய செய்தியைக் கண்டுபிடித்துக் காட்டினால் உங்களை நம்புகிறேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். கான்பராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் கணிதர் பிரெண்டன் மெக்கே உட்கார்ந்து தேடினார். இந்திரா காந்தி கிடைத்தார். அவர் பெயரை வெட்டிக்கொண்டு 'இரத்தம் தோய்ந்த செயல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். ஆபிரகாம் லிங்கன், ட்ராட்ஸ்கி, மார்ட்டின் லூதர் கிங், கென்னடி, டயானா கிடைத்தார்கள். ராபினே கிடைத்தார். போதாதென்று ட்ராஸ்னினின் சாவையும் திமிங்கிலக் கதைக்குள் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

மெக்கே தேடியது ஆங்கிலத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் உயிரெழுத்தையும் எழுதியாக வேண்டும். எபிரேயத்தில் 22 மெய்யெழுத்துகள்தான், உயிர்க்குறிகள் தோராச் சுருளில் கிடையாது. மூன்று எழுத்து சேர்ந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சொல்லாகிவிடும். தாவீது என்ற பெயரைக்கூட யோத் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விதமாக வேதத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 247 எழுத்து வைத்திருக்கும் நம்மிடம் இந்த விளையாட்டு அவ்வளவு சுலபமாக நடக்காது.

புதிருக்கு வந்த விடை

மோபி டிக் வேடிக்கை ட்ராஸ்னினுக்குப் பதில். ரிப்ஸுக்கு அது பதில் ஆகாது. ரிப்ஸ் தரப்பும் அதையே சொன்னது: நாங்கள் கண்டதையெல்லாம் பொறுக்கவில்லை, முன்கூட்டியே விதி வகுத்துப் பட்டியல் போட்டுச் சோதித்தோம். நியாயமான வாதம். அதனால்தான் உண்மையான பதில் வர ஐந்து வருடம் ஆயிற்று.

1999இல் அதே 'ஸ்டாட்டிஸ்டிகல் சயன்ஸ்' இதழில் மெக்கே, டிரோர் பார்-நதான், மாயா பார்-ஹில்லெல், கில் கலாய் ஆகிய நால்வர் நீண்ட கட்டுரை எழுதினார்கள். மெக்கே தவிர மூவரும் எபிரேயப் பல்கலைக்கழகத்தார். அதாவது ரிப்ஸின் சக ஆசிரியர்கள். அவர்கள் கை வைத்தது சூத்திரத்தில் அல்ல, பட்டியலில்.

ஒரு ரபிக்கு ஒரே பெயர் இல்லை. ஊர்ப்பெயர், தந்தை பெயர், எழுதிய நூலின் பெயர், முதலெழுத்துச் சுருக்கம் என்று பலதாலும் அவரைக் குறிப்பிடுவார்கள். இடைக்கால யூத அறிஞர் மைமோனிதீசை 'ரம்பாம்' என்பார்கள்; எபிரேயத்தில் நான்கு எழுத்து. சோதனையின் விதி ஐந்திலிருந்து எட்டு எழுத்து வரை. அப்படியானால் ரம்பாம் வெளியே. முன்னால் 'ஹ' ஒட்டி 'ஹரம்பாம்' என்றால் ஐந்தெழுத்து, உள்ளே. இரண்டுமே புழக்கத்தில் இருப்பவைதான். ஒட்டலாமா வேண்டாமா? வாவ் போட்டு எழுதுவதா, விட்டு எழுதுவதா? தேதியை எழுதும் முறைகளில் எவற்றை எடுப்பது? ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நியாயமான விடைகள் உண்டு. 32 பேருக்கும் இப்படி முடிவெடுத்துக்கொண்டே போனால், யாரும் பொய் சொல்லாமலேயே பட்டியல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

சாய முடியும் என்று சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார்கள். அதே ரபிகளுக்கு, அதே அளவு நியாயம் சொல்லக்கூடிய வேறு அழைபெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, 'போரும் அமைதியும்' துண்டில் ஓட்டினார்கள். ஆதியாகமத்துக்கு வந்தது போன்ற அற்புதம் தல்ஸ்தோய்க்கும் வந்தது. அதே பட்டியல் ஆதியாகமத்தில் ஒன்றும் காட்டவில்லை. அசல் சோதனையின் சின்னச் சின்ன விதிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். எதுவும் திட்டமிடாமல் அமைந்திருந்தால் சில மாற்றம் முடிவைக் கூட்டும், சில குறைக்கும். இங்கே பெரும்பாலானவை குறைத்தன. சமையல் பக்குவம் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது போல. 32 பேரில் அதிகம் பங்களித்த நான்கு பேரை எடுத்துவிட்டால் அதிசயம் சாதாரணமாகிவிடுகிறது என்பதையும் காட்டினார்கள்.

விட்ஸ்டம் இதை ஏற்கவில்லை. அழைபெயர்களைத் தயாரித்தது நாங்களே இல்லை, பார்-இலான் பல்கலைக்கழகத்தின் நூலியல் அறிஞர் ஷ்லோமோ ஹாவ்லின் சுயேச்சையாகத் தயாரித்தார் என்றார். ஹாவ்லினும் அப்படியே எழுதிக் கொடுத்தார். எதிர்த்தரப்பின் தல்ஸ்தோய்ப் பட்டியல்தான் திட்டமிட்டுச் செதுக்கியது என்பது அவர் திருப்பி வைத்த குற்றச்சாட்டு. அது உண்மைதான், செதுக்கினோம் என்று அவர்களே சொன்னார்களே, செதுக்க முடியும் என்பதுதானே அவர்கள் வாதம். ஆனால் ஹாவ்லின் விஷயம் அவ்வளவு லேசில் தீராது. ஒரு மூத்த அறிஞர் நேர்மையாகத் தந்த பட்டியல் என்று ஏற்றால் முடிவை விளக்குவது கஷ்டம். ஏற்காவிட்டால் ஒரு மனிதரின் நாணயத்தைச் சந்தேகிப்பதாகிறது. நால்வர் கட்டுரை யாரையும் நேரடியாகக் குற்றம் சாட்டாமல், தரவு முழுக்கக் கட்டுப்பாட்டில் இல்லை என்ற அளவில் நின்றது. அந்த நிதானம் எனக்குச் சரியாகவே படுகிறது. இதழாசிரியர் காஸ், புதிர் விடுபட்டதாகவே தெரிகிறது என்று எழுதினார்.

எழுத்து ஒன்று விழுந்தால்

மதத்தரப்பிலிருந்தே வந்த மறுப்புகளும் உண்டு. அமெரிக்காவின் கால்டெக் கல்விநிலையக் கணிதர் பாரி சைமன் மரபு வழுவாத யூதர். குறியீட்டுக்கு நம்பத்தக்க ஆதாரம் எதுவும் இல்லை என்ற கணிதர்கள் அறிக்கைக்குக் கையெழுத்துத் திரட்டியதில் முன்னின்றார். ஹார்வர்டின் ஷ்லோமோ ஸ்டெர்ன்பெர்க் ரபியும்கூட; அவர் எழுதியது இன்னும் காரமாக இருந்தது. கணக்கு தப்பென்று தெரியவரும் நாளில், குறியீட்டைப் பார்த்து நம்பிக்கைக்கு வந்தவன் நம்பிக்கையையும் விட்டுப் போய்விடுவான் என்ற கவலை இப்படிப்பட்டவர்களுக்கு இருந்தது. கிறிஸ்தவ எழுத்தாளர்கள் சிலர் அதே முறையில் 'யேசுவா' என்ற பெயரைத் தேடி எடுத்தபோது அந்தக் கவலை வேறொரு பக்கத்திலிருந்தும் நியாயமாயிற்று. யோத், ஷின், வாவ், அயின் என்று நான்கே எழுத்து. தேடினால் எங்கும் கிடைக்கும்.

அப்புறம் பிரதியின் பிரச்சினை. எழுத்துத் தாண்டலுக்கு ஒவ்வொரு எழுத்தும் இடம் மாறாமல் இருக்க வேண்டும். ராபின் பெயர் எட்டெழுத்து, ஏழு இடைவெளி, ஏழு முறை 4,772 என்றால் 33,404 எழுத்துகள் நீளத்துக்கு அது கிடக்கிறது. நடுவில் ஒரே ஒரு வாவ் கூடினாலோ குறைந்தாலோ சங்கிலி அறுந்தது. சோதனைக்கு எடுத்தது இப்போது அச்சில் இருக்கும் கோரன் பதிப்பு. யேமன் யூதர்களின் சுருள்கள் அதிலிருந்து ஒன்பது இடங்களில் எழுத்து வேறுபடும். மூன்று இடம் ஆதியாகமத்திலேயே இருக்கிறது. சாக்கடல் சுருள்கள் வரை பின்னோக்கிப் போனால் வேறுபாடுகள் இன்னும் எத்தனையோ.

இதை மறைத்து வைத்திருந்ததாகவும் சொல்ல முடியாது. தோராவின் எழுத்துகளில் நட்டநடு எழுத்து லேவியராகமத்தில், 'வயிறு' என்று பொருள்படும் 'காஹோன்' சொல்லின் வாவ் என்று யூதர்களின் பழைய மரபு நூலான தல்மூது சொல்கிறது. இன்றைய பிரதியை எண்ணினால் நடு எழுத்து அங்கே இல்லை, ஆயிரக்கணக்கான எழுத்து தள்ளி இருக்கிறது. அதே பக்கத்தில் ரபி யோசேப்பு இன்னொன்றும் சொல்கிறார்: எங்கே வாவும் யோதும் போட்டு எழுதுவது, எங்கே விட்டு எழுதுவது என்பதில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் தேர்ந்தவர்கள், நாங்கள் தேர்ந்தவர்கள் இல்லை. கணினிக்கு ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் முன்னால் சொன்ன பேச்சு.

எருசலேம் குழு

இவ்வளவுக்கும் நடுவில் இரண்டு தரப்பும் மதித்த ஒருவர் இருந்தார். ராபர்ட் ஔமன். ஆட்டக் கோட்பாட்டுக்காக 2005இல் பொருளாதார நோபல் பெறப்போகிறவர், பக்தியுள்ள யூதர். தொடக்கத்தில் குறியீட்டு ஆய்வைத் தூக்கி எறியாமல், கேட்கத்தக்கது என்று இடம் கொடுத்தவர். எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அமைத்தார். ரிப்ஸும் அதில் இருந்தார், டிரோர் பார்-நதானும் இருந்தார். எதிரெதிராக எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒரே மேசையில். கூடவே ஹில்லெல் ஃபர்ஸ்டென்பெர்க், ஐசக் லாப்பிடீஸ்.

கான்ஸின் ஊர்ப்பெயர்ச் சோதனையை எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை வேலை வரிசை தலைகீழ். முதலில் விதி, அதை எல்லாரும் ஒப்புக்கொண்டு எழுதி வைப்பது. பிறகு வெளியே இருக்கும் நிபுணர்கள் அந்த விதிப்படி ஊர்களையும் எழுத்துமுறையையும் தருவது. கடைசியில்தான் கணினி. சொல்லும்போது எளிது. நடைமுறையில் வருடக்கணக்கில் இழுத்தது, நிபுணர்களுக்குப் போன குறிப்புகளிலும் அவர்கள் தந்த தரவிலும் பிழைகள் நுழைந்தன. 2004இல் அறிக்கை வந்தது. இரண்டு சோதனை ஓட்டியிருந்தார்கள். இரண்டிலும் ஆதியாகமம் எதையும் காட்டவில்லை.

அறிக்கை வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. தரவுப் பிழைகளால்தான் குறியீடு தெரியாமல் போனதா என்று தனித்தனியாக ஆய்வுரைகள் எழுதினார்கள்; குழுவில் இல்லாத விட்ஸ்டமும் எழுதினார். ஔமன் எழுதியதில் சாரம் இதுதான்: முதலில் கேட்டபோது இது நம்பவே முடியாததாக இருந்தது, என் மேற்பார்வையில் நடந்த சோதனை குறியீடு இருப்பதை உறுதி செய்யவில்லை, இல்லை என்றும் நிறுவவில்லை, எனவே பழைய மதிப்பீட்டுக்கே திரும்புகிறேன், இது நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ட்ராஸ்னின் 2002இலேயே இரண்டாவது புத்தகம் போட்டு 2006இல் அணு அழிவு என்று எச்சரித்திருந்தார். 2006 வந்தது, போயிற்று. ரிப்ஸ் 2024இல் இறக்கும்வரை குறியீடு உண்டு என்பதிலிருந்து மாறவில்லை. அவருடைய குலக் கோட்பாட்டுத் தேற்றங்களை, தோரா குறியீட்டை ஒரு பொருட்டாக மதிக்காதவர்களும் தினமும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.